நாற்பத்து மூன்றாவது வரி

கம்ப்யூட்டரைத் திட்டுவதில் எங்கள் ஆபீஸில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆபீஸில் இருப்பதே நான் ஒருத்திதான் என்பது வேறு விஷயம். தகரக் கூரை போட்ட ஒரே அறை. பாதி இடம் சாமை மூட்டைக்கு, மீதி இடம் எனக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும். ஜவ்வாது மலையில் ஒடுகத்தூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்களின் சாமை, புளி, தேன் எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே டவுன்களில் இருப்பவர்களுக்கு விற்கிற விவசாயிகள் சங்கம் அது. பதினோரு வருஷமாக அதில் எழுத்து வேலை பார்க்கிறேன்.

போன தை மாசம் மேனேஜர் ஒரு புது வேலை வைத்தார். அவர் கணியம்பாடிக்காரர். வாரத்துக்கு இரண்டு நாள் பைக்கில் மலை ஏறி வருவார். வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ரோட்டைத் திட்டுவார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். அதுவரைக்கும் சாமை அறுத்தாச்சு, தேன் வந்தாச்சு என்று வாங்குகிறவர்களுக்கு நான்தான் ஒவ்வொருவராக மெயில் அனுப்பிக்கொண்டிருந்தேன். பட்டியலைத் திறக்கணும், பேரைப் பார்க்கணும், இமெயிலை எடுத்து ஒட்டணும், அனுப்பணும், மறுபடியும் பட்டியலுக்கு வரணும். ஐம்பது பேரைத் தாண்டும்போது யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்று தலை சுற்றும். ஒரே ஆளுக்கு மூன்று தரம் அனுப்பி, "தெரியும்மா, சாமை வந்திடுச்சு" என்று பதில் வாங்கியிருக்கிறேன்.

"இன்னாம்மா, இன்னும் கையாலயே ஒட்டிகினு கீற? பட்டியல் ஒரு பக்கம் கீது, மெயில் அனுப்பற சாஃப்ட்வேர் ஒரு பக்கம் கீது. நடுவுல ஒண்ணப் போட்டு ரெண்டையும் இணைச்சிட்டா அதுபாட்டுக்கு அனுப்பிட்டுப் போவுது," என்றார் மேனேஜர்.

"அதுவே அனுப்பிச்சினா அப்புறம் நான் இன்னாத்துக்கு சார்?"

"சாமைய எலி துன்னாம பாத்துக்கோ."

வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். பாதி வீடியோவில் நெட் போய்விடும். அதற்கும் கம்ப்யூட்டருக்குத்தான் திட்டு. கற்றுக்கொண்ட பிறகு பார்த்தால், அட, இவ்வளவுதானா என்று இருந்தது. திரையில் மூன்று கட்டம், நடுவில் கோடு. முதல் கட்டம் பட்டியலில் இருந்து ஒரு வரியை எடுக்கும். இரண்டாவது கட்டம் அந்த வரியில் பேர் எது, இமெயில் எது என்று பிரிக்கும். மூன்றாவது, அந்தப் பேரைத் தலைப்பில் போட்டுக் கடிதத்தை அனுப்பிவிடும். பிறகு அடுத்த வரி.

கடிதத்தை நான் எழுதினேன். சாமை அறுத்துக் களத்துக்கு வந்ததையும், இந்த வருஷம் பனி அதிகம் என்பதையும், பலாவில் பிஞ்சு விட்டிருப்பதையும் எழுதி, கடைசியில் "ஒரு தரம் மலைக்கு வந்துவிட்டுப் போங்க" என்று முடித்தேன். மேனேஜர் படித்துப் பார்த்து, "ஆர்டர் செய்யுங்கள்னு முடிம்மா" என்றார். "அத மேலயே போட்டுட்டேன் சார், கூப்புடறது நம்ம மரியாதை" என்றேன். போ, உன்கிட்ட பேச முடியாது என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

வாங்குகிறவர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு தரம் ஓட்டிப் பார்க்க நினைத்தேன். ஏதாவது தப்பாகப் போனால் டவுன்காரர்கள் சிரிப்பார்கள். அதனால் எங்கள் சங்க உறுப்பினர் பட்டியலை எடுத்து மாட்டினேன். மலையில் யார் மெயில் பார்க்கப்போகிறார்கள்? பாதிப் பேருக்கு போனே கிடையாது. யாரும் படிக்காத கடிதம் என்றால் தப்பானால் என்ன, ரைட்டானால் என்ன. அப்படித்தான் கணக்குப் போட்டேன், புத்திசாலி.

ஒரு திங்கட்கிழமை காலை, பட்டனை அமுக்கினேன். ஒவ்வொரு வரிக்கும் பச்சை டிக் விழுந்துகொண்டே வந்தது. எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. முடிந்ததும் எதெது எங்கே போயிருக்கிறது என்று திறந்து பார்த்தேன். முதல் வரி ஒரு முகவரி. இரண்டாவது வரியும் அதே முகவரி. மூன்றாவதும் அதே. கீழே இறக்கிக்கொண்டே போனேன். நாற்பத்து மூன்று வரி. நாற்பத்து மூன்றுக்கும் ஒரே முகவரி.

அந்த முகவரியில் முன்பாதி அவள் பேர். பின்பாதி என் பேர்.

அவளைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. நானும் அவளும் ஒரே வளைவில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்து, ஒரே ஹாஸ்டலில் ஒரே போர்வையில் குளிருக்குச் சுருண்டு படுத்து, பிளஸ் டூ வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். கல்லூரிக்கு விண்ணப்பம் போட ஒடுகத்தூரில் ப்ரௌசிங் சென்டருக்குப் போனபோது, இமெயில் வேண்டும் என்றார் கடைக்காரர். ஆளுக்கு ஒன்று ஆரம்பிக்கவா என்று கேட்டார்.

"எதுக்குண்ணா ரெண்டு? நாங்க ஒரே தட்டுல துன்றவங்க. ஒண்ணே போதும்," என்றாள் அவள்.

அவர் சிரித்துக்கொண்டே அடித்தார். அவள் பேர் முன்னால் வந்துவிட்டது என்று நான் ஜீப்பில் மலை ஏறும் வரைக்கும் சண்டை போட்டேன். "பின்னாடி கீறவதான்டி முன்னாடி போறவள தள்ளணும், ஒனக்குத்தான் பெரிய வேலை" என்று சொல்லிச் சிரித்தாள். அப்படித்தான் என்னை எப்போதும் வாயடைக்க வைத்துவிடுவாள்.

தபாலில் டிகிரி படித்துக்கொண்டே இரண்டு பேரும் சங்கத்தில் சேர்ந்தோம். அப்போதுதான் உறுப்பினர்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். நான் பேரையும் நிலத்தையும் படிப்பேன், அவள் அடிப்பாள். இமெயில் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தது. காலியாக விட்டால் அடுத்த ஆளுக்குப் போக விடாது. "இவங்களுக்கெல்லாம் மெயிலுக்கு எங்கடி போறது?" என்று கேட்டேன். "அத நான் பாத்துக்கறேன், நீ படி" என்றாள். அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பது எனக்கு அந்தத் திங்கட்கிழமைதான் தெரிந்தது; அதுவரைக்கும் அந்தக் கட்டத்தை நான் பார்த்ததே இல்லை. ஊருக்கு ஒரே கிணறு இருக்கிற மாதிரி, ஊருக்கே எங்கள் இமெயிலைக் கொடுத்திருக்கிறாள். பந்தி பரிமாறினவள் கடைசியில் உட்காருவதுபோல என் பேரைக் கடைசியாக ஏற்றினாள். நாற்பத்து மூன்றாவது வரி நான்தான். அவள் பேரை ஏற்றவே இல்லை. "நான் அப்புறம் போட்டுக்கறேன்" என்றாள்.

அந்த அப்புறம் வரவே இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்த இமெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. முதலில் திறந்தது நான். சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருக்கிறது, சர்டிபிகேட்டோடு வந்து சேரவும் என்று இருந்தது. அவள் விண்ணப்பம் போட்டதே எனக்குத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "யார்கிட்டயும் சொல்லாதடி. வூட்ல நானே பக்குவமா சொல்லிக்கறேன்" என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

மூன்று நாள் தாங்கினேன். நாலாம் நாள் அவள் வீட்டு முற்றத்தில் அவள் அம்மாவோடு புளி தட்டிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். வாய் தவறிச் சொன்னேன் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். பொய். "அத்தே, ஒம் பொண்ணு மெட்ராசுக்குப் போறாளாம், தெரியுமா?" என்று நன்றாக யோசித்து, அம்மா தடுத்துவிடுவாள் என்று தெரிந்தே சொன்னேன். அவள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்? அவள் இல்லாத ஆபீஸை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அவள் அம்மா சர்டிபிகேட் பையை எங்கேயோ ஒளித்து வைத்தாள். வீட்டில் பெரிய ரகளை. மறுநாள் அவள் ஆபீஸுக்கு வந்து, கதவிலேயே நின்று கேட்டாள்.

"நீயாடி சொன்ன?"

"நானா? எனக்கு வேற வேலை இல்ல?"

அவள் கதவில் இருந்து கையை எடுத்தாள். "சரி" என்றாள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், சண்டை போட்டு, அழுது, உண்மையைக் கொட்டியிருப்பேன். அந்தச் சரியைக் கேட்டதும் மூட்டையை எண்ணுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். மறுநாள் விடிகிற நேரத்தில் கீழே இறங்குகிற முதல் ஜீப்பில் போய்விட்டாள். சர்டிபிகேட் இல்லாமலே போனாள். அந்தக் கம்பெனியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்களா, கதவோடு திருப்பி அனுப்பினார்களா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அன்றைக்கே போன் நம்பரை மாற்றிவிட்டாள். இமெயிலுக்குப் போனால் பாஸ்வேர்டு தப்பு என்றது. அவளைத் திட்டுவதற்காகவே எனக்கென்று தனியாக ஓர் இமெயில் ஆரம்பித்தேன். "சொல்லாம கொள்ளாம போய்ட்டியே, நீயெல்லாம் ஒரு ஆளா" என்று எழுதி எங்கள் பழைய முகவரிக்கே அனுப்பினேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் சண்டைக்குப் போனேன். என் புத்தி அப்படி. பதில் வரவில்லை. அந்த முகவரி செத்துப்போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன். அவள் அம்மாவைக் கேட்டால், "எனக்கு இன்னா தெரியும்" என்று உள்ளே போய்விடுவாள்.

அந்த முகவரிக்குத்தான் நாற்பத்து மூன்று கடிதம் போயிருக்கிறது. ஊரில் ஒருத்தர் விடாமல் பேர் சொல்லி, சாமை அறுத்தாச்சு, பலா பிஞ்சு விட்டிருக்குது, ஒரு தரம் மலைக்கு வந்துவிட்டுப் போங்க என்று, அவள் ஒருத்திக்கே.

முகவரி செத்திருந்தால் கடிதம் திரும்பி வரும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். திரும்பி வரவில்லை. சாஃப்ட்வேரில் ஒவ்வொரு கடிதத்துக்குப் பக்கத்திலும் "சேர்ந்தது" என்று இருந்தது. நான் எழுந்து வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தாலும் அப்படியேதான் இருந்தது.

மேனேஜரிடம் போனில் சொன்னேன். முழுக் கதையைச் சொல்லவில்லை, ஒரே முகவரிக்கு எல்லாம் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் பதறிவிட்டார்.

"அய்யய்யோ, ஒரே ஆளுக்கு நாப்பத்தி மூணா? அந்த ஆளு கடுப்புல ஸ்பாம்னு ஒரு அமுக்கு அமுக்கினா நம்ம மெயில் எவனுக்கும் போவாதும்மா. மொதல்ல அந்த முகவரியத் தூக்கு."

"வெள்ளிக்கிழமை நீங்க வர்ற வரைக்கும் இருக்கட்டும் சார்."

"இன்னாத்துக்கு?"

"எனக்கு வேணும் சார்," என்றேன். அவர், "வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதல் கடிதத்துக்குப் பக்கத்தில் "திறந்தது" என்று மாறியது. ஊரில் மூத்த பெரியவர் பேர் போட்ட கடிதம். நான் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டேன். ஏழு வருஷமாகச் செத்துக் கிடந்த முகவரிக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருக்கிறாள்! எந்த ஊரோ, எந்த நாற்காலியோ, என்ன புடவையோ. போனில் திறந்தாளா, என் மாதிரி ஓட்டைக் கம்ப்யூட்டரில் திறந்தாளா? கல்யாணம் ஆகி, பக்கத்தில் ஒரு குழந்தை இழுத்துக்கொண்டிருந்ததா? அந்த ஒரு சொல்லுக்குள் நான் எதையெல்லாம் தேடினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

புதன்கிழமை பத்துப் பன்னிரண்டு திறந்தாள். வரிசையாகத் திறந்தாள், பட்டியலில் இருந்த வரிசை மாறாமல். எல்லாவற்றிலும் இருப்பது ஒரே கடிதம்தான், பேர் மட்டும்தான் வேறே. ஒன்றைப் படித்தால் போதும். ஆனாலும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனாள். வியாழக்கிழமை சாயங்காலம் நான் ஆபீஸைப் பூட்டும்போது நாற்பத்து இரண்டு திறந்திருந்தது. நாற்பத்து மூன்றாவதில் மட்டும் "சேர்ந்தது" என்றே நின்றது. என் பேர் போட்ட கடிதம். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போய்ப் பார்த்தேன். மாறவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் பார்க்கலாம், என்னை மட்டும் ஆகாதோ? திமிரு பிடிச்சவள் என்று வாய்விட்டே சொன்னேன். நடந்து வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், எனக்கு இது வேணும் என்றும் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் வருவதற்கு முன்னாலேயே ஆபீஸைத் திறந்தேன். சங்கத்தின் மெயிலுக்குப் பதில் வந்திருந்தது. வணக்கம், உங்க பட்டியல்ல தப்பு இருக்குது, திருத்தி அனுப்பியிருக்கேன் என்று ஒரே வரி. அதற்குக் கீழே ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரைக்கும் நம்பர் போட்டு எழுதியிருந்தாள். வேலை என்றால் அவள் அப்படித்தான், விடவே மாட்டாள்.

"1. இவருக்கு மெயில் கிடையாது. பேரன் பெங்களூர்ல கீறான், அவன் மெயில வாங்கிப் போடுங்க. 2. இவங்களுக்குப் படிக்கத் தெரியாது, மருமக படிச்சிச் சொல்லும். 6. இவரு தவறிப்போயி ரெண்டு வருஷம் ஆவுது. பேர எடுத்துடுங்க, அந்த வூட்டுக்காரங்க பாத்தா மனசு கஷ்டப்படும். 11. இந்தப் பொண்ண சந்தவாசல்ல கட்டிக் குடுத்துட்டாங்க. நெலம் இப்ப தம்பி பேர்ல கீது."

ஆறையும் பதினொன்றையும் மறுபடியும் படித்தேன். ஆறாம் நம்பர் பெரியவர் போனதும், பதினோராம் நம்பர் பெண்ணின் கல்யாணமும் அவள் போனபிறகு நடந்தவை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு இன்னா தெரியும் என்று உள்ளே போன அந்த அம்மா, மகளோடு போனில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஊரில் ஒரு வீடு விடாமல் விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறாள் இவள். அம்மாவும் மகளும் சேர்ந்து எனக்கு மட்டும்தான் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அப்படியானால் சொன்னது நான்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

கீழே போகப் பயமாக இருந்தது. முப்பதைத் தாண்டியபின் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தேன். நாற்பத்து இரண்டு, இவர் போன் நம்பர் மாறிவிட்டது என்று இருந்தது. அதற்குக் கீழே என் வரி.

"43. இந்த மெயில மாத்த வேணாம். இது இப்டியே இருக்கட்டும்."

மேனேஜர் வந்து ரோட்டைத் திட்ட ஆரம்பித்தவர், என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பதிலைப் படித்தார். "யாரும்மா இது? இவ்ளோ வெவரமா எழுதிக்கீறாங்க. நல்லதாப் போச்சு, எல்லாத்தையும் மாத்திடு" என்றார். மத்தியானத்துக்குள் நாற்பத்து இரண்டு வரியையும் திருத்தி முடித்தேன்.

"ஒண்ணு மட்டும் அப்டியே கீது பாரு," என்று திரையைக் காட்டினார்.

"அத மாத்த மாட்டேன் சார்."

"மாத்தலன்னா மாசாமாசம் ஒம் பேர்ல அவங்களுக்கில்ல மெயில் போவும்?"

"போவட்டும்."

அவர் என்னையும் அந்த முகவரியையும் மாறி மாறிப் பார்த்தார். அதன் பின்பாதியில் இருந்த என் பேரை அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். டீ போடுகிறேன் என்று தானே எழுந்து போனார். அதுவரைக்கும் அவர் அந்த ஆபீஸில் டீ போட்டதே இல்லை.

மறுமாசம் புளி வந்ததும் வாங்குகிறவர்கள், உறுப்பினர்கள் எல்லோருக்கும் கடிதம் அனுப்பும் நாள் வந்தது. அதற்குள் நான் இன்னொரு கட்டம் கற்றுக்கொண்டிருந்தேன். கோடு நேராகப் போகாமல் அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும். இந்த முகவரி என்றால் இந்தப் பக்கம், மற்றவர்கள் எல்லாம் அந்தப் பக்கம். மற்றவர்களுக்குப் பழையபடி, ஒரு தரம் மலைக்கு வந்துவிட்டுப் போங்க. அவளுக்குப் போகிற கடிதத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் அடித்தேன். அழித்தேன். அம்மா, சர்டிபிகேட், ஆபீஸ், நான் எவ்வளவு அழுதேன் என்று எல்லாம் எழுதிப் பார்த்தேன். எல்லாமே என்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. கடைசியில் நின்றது இதுதான்: "நான்தான்டி சொன்னேன். நீ போய்டக் கூடாதுன்னு சொன்னேன். நீ கேட்டப்ப பொய் சொன்னேன். வா."

பட்டனை அமுக்கினேன். பச்சை டிக் விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலமே "திறந்தது" என்று வந்தது.

பதில் இன்னும் வரவில்லை. எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அந்தச் சாஃப்ட்வேர் ஒரு கடிதத்தை எத்தனை தரம் திறந்தார்கள் என்றும் காட்டும். நேற்றுவரைக்கும் மூன்று தரம் திறந்திருந்தாள். இன்றைக்குக் காலையில் பார்த்தேன், நாலு.